எபநேசரின் ஓவர் உச்சவரம்பு

எபநேசர் ஓர் ஓவர் வீசினால் அவருடைய வலது கை நாலு விரற்கடை நீளும். கயத்தூர் அணியில் இது எல்லோருக்கும் தெரியும். ஆறு பந்து முடிந்ததும் அவர் மனைவி மெர்ஸி எல்லைக்கோட்டிலிருந்து வந்து, சட்டைக்கையில் நாலு விரற்கடை துணியை ஒட்டுப் போட்டுத் தைப்பாள். அதன்பின் ஆட்டம் தொடரும்.

அணித்தலைவர் தவசிலிங்கம் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். தொடக்கத்தில் அவருக்கு இது சந்தோஷமாகத்தான் இருந்தது. கை நீள நீள, பந்து மட்டையாளரின் மூக்குக்குப் பக்கத்திலிருந்தே கிளம்பியது.

இறுதிப் போட்டி வியாழக்கிழமை தொடங்கியது. சனிக்கிழமை ஆகியும் மேலக்கரை அணியின் கடைசி விக்கெட் விழவில்லை. அவர்கள் ஜெயிக்க நாலு ரன் வேண்டும். கயத்தூர் ஜெயிக்க ஒரு விக்கெட் வேண்டும். கடைசி மட்டையாளர் ஒரு தபால்காரர். நாற்காலி கொண்டுவந்திருந்தார். பந்து வரும்போது மட்டும் எழுந்து நின்று தடுப்பார்.

வேறு யார் வீசினாலும் அந்த நாலு ரன் போய்விடும். அதனால் எபநேசரே இரண்டு முனையிலிருந்தும் வீசினார். விதியில் அதற்கு இடமில்லை. நடுவர் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்.

கயத்தூர் கோப்பையைத் தொட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

எபநேசர் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் பரோட்டா மாஸ்டர். இப்போது அவர் சாலையின் எதிர்ப்புறம் நின்றுதான் மாவு வீச முடிந்தது. பேருந்து வந்தால் கையைத் தூக்கி வழி விடுவார். சனிக்கிழமை காலை அவரால் தூக்க முடியவில்லை. மதுரைப் பேருந்து இருபது நிமிஷம் நின்றது. தவசிலிங்கம் அதில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார். இருபது நிமிஷமும் குனிந்தே இருந்தார்.

அன்று ஆட்டம் தொடங்குமுன் மெர்ஸி அவரிடம் வந்தாள். வீட்டில் துணி தீர்ந்துவிட்டது, ஜன்னல் திரையைக்கூட வெட்டியாயிற்று என்றாள். ஓவர்களுக்கு உச்சவரம்பு வாங்கித் தரச் சொன்னாள். தலைவர் போனால்தான் தருவார்களாம். அவள் அழவில்லை. ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டு நின்றாள்.

ஓவர் உச்சவரம்பு அலுவலகம் தாலுகா ஆபீஸ் மாடியில் இருந்தது. ஒரு நடைக்கூடம், அதன் கடைசியில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஓர் அம்மாள்.

"இதுவரைக்கும் எத்தனை ஓவர் கொடுத்திருக்கீங்க?" என்று அம்மாள் கேட்டார்.

தவசிலிங்கம் பன்னிரண்டு என்றார்.

அவர் சொன்னதும் நடைக்கூடம் இருபத்திரண்டு கஜம் நீண்டுவிட்டது. அம்மாள் மேஜையோடு தூரத்தில் தெரிந்தார். தவசிலிங்கம் நடந்து போய்ச் சேர்ந்தார். அம்மாள் அதே கேள்வியை அதே குரலில் கேட்டார். இருபது இருக்கலாம் என்றார். மறுபடி நடந்தார். முப்பது என்றார். நடந்தார். வழியில் ஒரு பெஞ்சில் வேறு ஊர் அணித்தலைவர்கள் சிலர் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நாலாவது தடவை மேஜையைப் பிடித்துக்கொண்டு, "அறுபத்து மூணு" என்றார்.

நடைக்கூடம் அசையவில்லை. அம்மாள் எழுதிக்கொண்டார்.

"வலிக்குதான்னு அவர்கிட்ட கேட்டீங்களா?"

"அவரு சொல்லலீங்க."

"கேட்டீங்களா?"

"கேக்கல."

அதையும் எழுதினார். அதற்கென்றே படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. உத்தரவு தயாரானது. உச்சவரம்பு அறுபத்து மூன்று; அதற்குமேல் ஒரு பந்துகூட இல்லை. மைதானத்தின் நடுவில் நின்று தலைவர் வாய்விட்டு வாசித்தால்தான் உத்தரவு செல்லும் என்று அம்மாள் சொன்னார். பையில் வைத்திருந்தால் அது வெறும் காகிதம். தவசிலிங்கம் தலையாட்டினார்.

திரும்பி வந்தபோது மைதானம் நிறைந்திருந்தது. தபால்காரர் நாற்காலியில் தயாராக இருந்தார். மெர்ஸி கோட்டருகில் நின்றாள். கையில் அவள் கல்யாணச் சேலை இருந்தது.

"பேப்பர் கிடைச்சுதா அண்ணாச்சி?"

"இன்னைக்கு ஆபீஸ் லீவும்மா," என்றார் தவசிலிங்கம்.

இங்கே எதுவும் நீளவில்லை. மைதானம் அப்படியே இருந்தது. அதுதான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. மெர்ஸி சரி என்று சொல்லிவிட்டு, சேலையை எந்த இடத்தில் வெட்டலாம் என்று பார்த்தாள்.

எபநேசர் கையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். தவசிலிங்கம் பந்தை நீட்டினார்.

"இன்னும் ஒண்ணுதானே?" என்றார் எபநேசர்.

"ஒண்ணுதான்."

எபநேசர் பந்தை வாங்கித் துடைத்தார். "உங்க பையில காகிதச் சத்தம் கேக்கு அண்ணாச்சி. வாசிக்கதுன்னா வாசிங்க. நிக்கேன்."

அவர் நின்றார். ஒரு காகம் ஸ்டம்பில் உட்கார்ந்து பிறகு பறந்து போனது. தவசிலிங்கத்தின் கை பைக்குள் போனது. காகிதத்தைத் தொட்டது. பைக்குள்ளிருந்த கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி," என்றார் எபநேசர். அவருக்குக் கோபம் இல்லை. ஓடத் தொடங்கினார்.

ஆறாவது பந்தில் தபால்காரரின் நடு ஸ்டம்ப் விழுந்தது. அவர் நாற்காலியை மடித்து எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

இந்தத் தடவை கை நாலு விரற்கடையோடு நிற்கவில்லை. பந்தை விட்ட பிறகும் போய்க்கொண்டே இருந்தது. கூட்டம் ஓடிவந்து உள்ளங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டது. முதலில் தோள் கொடுத்தவர் தவசிலிங்கம்தான். மேளத்தோடு கடைவீதி வழியாகப் போனார்கள். கை பின்னால் வளர்ந்துகொண்டே வந்தது. எபநேசர் மைதானத்திலேயே இருந்தார். அவரை யாரும் தூக்கவில்லை; தூக்குவதற்குத்தான் கை இருந்ததே.

பரிசளிப்பு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கையை மேடையில் ஒரு நாற்காலியில் வைத்து மாலை போட்டார்கள். ஊர்க்காரர்கள் வரிசையில் வந்து அந்தக் கையைக் குலுக்கினார்கள். கோப்பையைத் தவசிலிங்கத்திடம் கொடுத்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் ஒலிபெருக்கியின் முன் நின்றார். வாயைத் திறந்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார்.

அவர் கையை ஒட்டியே நடந்தார். மிதித்துவிடக் கூடாது என்று செருப்பைக் கழற்றிக்கொண்டார். மணிக்கட்டைத் தாண்ட ஒரு தெரு ஆயிற்று. முழங்கை நூலகத்தின் வாசலில் மடங்கியிருந்தது. அங்கே மெர்ஸி உட்கார்ந்து சேலையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றார். அவள் நிமிரவில்லை.

"இன்னும் போணும் அண்ணாச்சி. அவிய அந்தப் பக்கம் இருக்காவ."

சட்டைக்கையில் ஓரிடத்தில் பூப்போட்ட ஜன்னல் திரை வந்தது. ஓரிடத்தில் தலையணை உறை வந்தது. அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நடந்தார். வெயில் சாய்ந்தது.

எபநேசர் ஸ்டம்புகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் வேறு யாரும் இல்லை.

"ஜெயிச்சிட்டமா?" என்றார்.

கை போன போக்கில் அவர் ஸ்டம்பைக் கவனிக்கவில்லை; அவரிடம் யாருமே சொல்லியிருக்கவுமில்லை.

"ஜெயிச்சிட்டோம் தம்பி."

எபநேசர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க என் கையை என்ன செய்யுதாங்க அண்ணாச்சி?"

"எல்லாரும் கை குலுக்குதாங்க."

"அதானே பாத்தேன்," என்றார் எபநேசர். "ரொம்ப நேரமா யாரோ பிடிச்சு இழுக்க மாதிரியே இருக்கு."

பிறகு நகர்ந்து, தவசிலிங்கம் உட்கார இடம் விட்டார். தவசிலிங்கம் உட்காரவில்லை.