தம்பியோடு பேச்சில்லை

தையல்காரருக்கும் அவர் தம்பிக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் தொண்டையில் புற்று என்று டாக்டர்கள் தையல்காரரின் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

சண்டைக்குக் காரணம், ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி உதிர்த்த முத்து. "ஊதி ஊதி நீங்களே வரவழைச்சுக்கிட்டது, இப்ப அழுது என்ன பண்ண?" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். இனி இவனோடு ஒரு வார்த்தை பேசினால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று தையல்காரர் சபதம் போட்டார். அப்புறம் யாரோடுமே பேச முடியாமல் போனதால், அந்தச் சபதத்தை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

தம்பி பாட்டுக்குத் தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து, துணி வெட்டும் மேஜையோரம் உட்கார்ந்து கதை அளந்தான். "எழுந்து போடா" என்று தையல்காரர் உதட்டை அசைப்பார். பட்டன் தைத்துக்கொண்டிருக்கும் மனைவி தலையைக்கூடத் தூக்காமல், "உட்காரச் சொல்றார்ப்பா" என்று எடுத்துச் சொல்வாள்.

மற்றவர்கள் ஆரம்பத்தில் கூட்டமாக வந்தார்கள். மூச்சுவிடுவதற்காகக் கழுத்தில் போட்டிருந்த ஓட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கீங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அதோடு சரி. பதில் சொல்லாத ஆளிடம் எவ்வளவு நேரம்தான் பேசுவது? தம்பி ஒருவன்தான் சளைக்கவில்லை. அவன் என்றைக்கு அடுத்தவர் பதிலுக்குக் காத்திருந்தான்?

இப்போதுதான் வந்தது வம்பு. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சின்னதாக ஒரு வால்வு பொருத்தியிருக்கிறார்கள். மூச்சை இழுத்து, நூல் தூசி போகாமலிருக்கக் கட்டிய துணிக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி ஓட்டையை மூடினால் குரல் வருகிறது. யார் குரல் என்பதுதான் தெரியவில்லை. காலையில், "கை நீளம் போதுமா?" என்று கேட்டதும் வாடிக்கையாளர் திரும்பி வாசலைப் பார்த்தார். கூடவே தையல்காரரும் பார்த்தார்.

தினமும் யாரோடாவது உட்கார்ந்து பேசுங்கள், பேசப் பேசத்தான் பழகும் என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யாரோடு? மனைவியோடு பேசலாமென்றால், இவர் மூச்சு இழுப்பதற்குள் அவளே மீதியை முடித்துவிடுகிறாள்.

குரல் வந்த சேதி தெரு முழுக்கத் தெரியும். இனிமேலும் தம்பியிடம் வாயைத் திறக்காவிட்டால், அது கோபம் என்று அப்பட்டமாகிவிடும். போ என்றால் போயே விடுவான். சாயங்காலத்துக்கு வேறு நாதியில்லை. வா என்றால் சபதம் என்னாவது? முதலில், அந்தக் கோபம் இன்னும் இருக்கிறதா? எங்கேயோ வைத்த கத்தரிக்கோலைத் தேடுவதுபோலத் தேடிப் பார்த்தார். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

தம்பி வந்தான். வழக்கமாக வந்ததும் உட்காருகிறவன், இன்றைக்கு மேஜையோரம் நின்றான்.

தையல்காரர் விரலை அழுத்தினார். "நான்... உன்கூட பேசறதில்ல."

"தெரியும்ணா."

விரல் நழுவி, புஸ்ஸென்று காற்று போனது. மறுபடி அழுத்தி, "எப்பலேர்ந்து... தெரியும்?" என்றார்.

"மொத நாளே. உதட்டைப் பாத்தா தெரியாதா? அண்ணிதான் உட்காருன்னாங்க. இப்ப நீங்களே சொல்லுங்க, போகவா, உட்காரவா?"

தையல்காரர் மூச்சை இழுத்தார். உதடு அசையவில்லை.

"உட்காரச் சொல்றார்ப்பா" என்றாள் மனைவி, பட்டனைப் பார்த்துக்கொண்டே.

நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று மறுக்கத்தான் அவர் விரலை அழுத்தினார். வந்தது வேறு. "உட்காரு. ஆனா நீ பேசாத. நான் பேசணும்."

தம்பி உட்கார்ந்தான். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு அண்ணன் முகத்தையே பார்த்தான். தையல்காரர் இத்தனை நாள் சேர்த்துவைத்திருந்த திட்டுகளில் ஒன்றுகூட இப்போது கைக்கு அகப்படவில்லை. கடைசியில், "கை நீளம்... போதுமா?" என்று கேட்டார்.

தம்பி தன் சட்டைக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.