ரோஜாப்பூ படம் வைத்தவர்

“அம்மா, ரோஜாப்பூ மாமா நம்ம வீட்டுக்கு வந்தா எப்படிக் கண்டுபிடிப்ப?” என்று மகள் ஒருநாள் கேட்டாள்.

தையற்காரி பல்லில் நூலைக் கடித்தபடி சிரித்தாள். “ரோஜாப்பூ எதுக்குடி நம்ம கதவைத் தட்டப் போகுது? போய் வீட்டுப்பாடம் எழுது.”

அந்த அடுக்குமாடியில் அறுபது வீடுகள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனால் மொபைல் குரூப்பில் ஒட்டி உறவாடினார்கள். வாசலுக்கு வந்து ஏமாற்றுகிறவர்களைப் பற்றி எச்சரிப்பதற்கென்றே தொடங்கிய குரூப். பெயரைப் போடப் பயந்து ஆளுக்கொரு படத்துக்குப் பின்னால் இருந்தார்கள். தையற்காரி, கிளி. குரூப்பை நடத்தியவர், ரோஜாப்பூ.

போன வருடம் கேஸ் குழாயைச் சோதிக்க வந்ததாக இருவர் சொன்னபோது அவள் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள். அந்த நொடியில் போன் மினுங்கியது. ‘திறக்காதீங்க, போலி ஆட்கள்.’ எழுதியவர் ரோஜாப்பூ. அதே இருவருக்குக் கதவைத் திறந்த அடுத்த தெருப் பெண்ணுக்குக் கழுத்தில் பொட்டுத் தங்கம் மிஞ்சவில்லை. அன்று முதல் தையற்காரி தன் பிரார்த்தனையில் முகம் தெரியாத அந்த மனிதரையும் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், கதவு படபடவென்று அதிர்ந்தது. மிஷினை நிறுத்திவிட்டுத் துளைவழியே பார்த்தாள். பொத்தான் மாறிப் போட்ட சட்டையில் வியர்த்து வழிய ஒரு பெரியவர்.

“அம்மா, என் வீட்டுக்காரி மயங்கி விழுந்துட்டா. என் போன்ல சார்ஜ் இல்ல. ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்மா.”

யாருக்கோ உடம்பு சரியில்லை என்று வருவதுதான் புதுத் தந்திரம் என்று ரோஜாப்பூ போன வாரம்தான் எழுதியிருந்தார். அவள் குரூப்பில் தட்டினாள்: ‘இரண்டாம் மாடியில் ஒரு ஆள். மனைவி மயக்கமாம். திறக்காதீங்க.’

இருபத்தேழு கட்டைவிரல்கள் உயர்ந்தன. பூனைக்குட்டி எழுதினாள்: ‘சம்பளக் கவரைக் கேட்டா எங்க வீட்டுக்காரருக்கு வருமே, அந்த மயக்கமா?’ கிளியும் சிரித்தது.

கதவைத் திறக்காமலே ஆம்புலன்ஸுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். எச்சரிக்கைக்கும் இரக்கத்துக்கும் நடுவில் அவ்வளவு இடம் இருந்தது. அவளுக்குத் தோன்றவில்லை. கதவு கதவாகத் தட்டும் ஓசை மேலே ஏறி, கீழே இறங்கி, தெருவில் கரைந்தது.

மூன்றாம் நாள் ரோஜாப்பூ எழுதினார்: ‘இனி குரூப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள். என் மனைவிக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. முக்கால் மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பேச்சாவது தப்பியிருக்கும் என்றார் டாக்டர்.’

யார்மேலும் ஒரு சொல் குறை இல்லை. அதுதான் அவளை அறுத்தது. அன்று கும்பிட உட்கார்ந்தவளுக்குக் கை கூடவில்லை.

அவர்கள் வீடு திரும்பியதும், வாட்ச்மேனிடம் வீட்டைக் கேட்டுக்கொண்டு தையல் பையோடு நான்காம் மாடி ஏறினாள். துளையில் கண்ணை வைக்காமலே பெரியவர் கதவைத் திறந்தார்.

“ஐயா... அந்தக் கிளி நான்தான்.”

“தெரியும்மா. இரண்டாம் மாடின்னு கிளி எழுதினதை அப்புறம் படிச்சேன். நான் வந்தப்போ உள்ள மிஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு. தட்டினதும் நின்னுச்சு. சரி, எழுந்து வர்றாங்கன்னு நினைச்சேன்.”

அவள் முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள்.

“திறக்காதீங்கன்னு சொல்லிக் குடுத்தவனே நான்தானே? யாரைக் கோவிச்சுக்கறது?” என்றவர் செருப்பை மாட்டினார். “கொஞ்சம் இவ பக்கத்துல இருங்கம்மா. மருந்து வாங்கணும். தனியா விட்டுட்டுப் போக மனசு வரல.”

உள்ளே அந்த அம்மாள் வாய் கோணியபடி உறங்கிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் அவளுடைய சட்டைகள் மடித்துக் கிடந்தன. எல்லாம் சின்னச் சின்னப் பொத்தான்கள். தையற்காரி ஒவ்வொன்றாகப் பிரித்து, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் பட்டையை வைத்துத் தைத்தாள். பிறகு தன் வலக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடக்கையால் மட்டும் திறந்து மூடிப் பார்த்தாள். ஒன்று இறுக்கமாக இருந்தது. அதைப் பிரித்து மறுபடி தைத்தாள்.

பெரியவர் மருந்தோடு திரும்பியபோது, சட்டைகள் பழையபடியே மடிந்து கிடந்தன.