கக்குவான் ஊசிப் பதிவேடு

"அங்க போய் வாயத் திறந்தே, இந்த வாசப்படி ஏறாதே. வலிப்புன்னு ஒரு சொல்லு வெளிய வந்துச்சுன்னா நஸ்ரா கல்யாணம் அதோட போச்சு!"

சொல்லிக்கொண்டே மாமியார் வஹீபா, இல்ஹாமின் கறுப்பு முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். சரிசெய்கிறாளா, கழுத்தை நெரிக்கிறாளா என்று சந்தேகம் வரும்படி இழுத்தாள். நான்கு மாதக் குழந்தை விதாதை மார்போடு அணைத்தபடி இல்ஹாம் நின்றாள்.

இன்று இரண்டாவது கக்குவான் ஊசி. முதல் ஊசி போட்டு இரண்டு மாதமாகிறது. அன்று மத்தியானம் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்தது. கண் மேலே செருகிக் கைகால் வெட்டி இழுத்தது. இல்ஹாம் ஆஸ்பத்திரிக்கு ஓடப் பார்த்தாள். வஹீபா ஓடியது ஜன்னலைச் சாத்த! தெருவுக்குத் தெரியக்கூடாதாம். உப்பைச் சுற்றிப் போட்டுச் சாம்பிராணி காட்டினாள். குழந்தை தானாகத் தெளிந்ததால் பிழைத்தது.

நைல் கரையோரத்து அந்த ஊரில் வலிப்பு ஒரு நோயல்ல, ஜின் பிடித்த ரத்தம். ஒரு குழந்தைக்கு வந்தால் அந்த வீட்டுப் பெண்கள் யாருக்கும் மாப்பிள்ளை அமையாது. நாத்தனார் நஸ்ராவுக்கு இருபத்தேழு வயது. வியாழக்கிழமை ஃபாத்திஹா ஓதி நிச்சயம். குவைத்தில் இருக்கும் கணவனும், "அம்மா சொல்றபடி செய்" என்று போனை வைத்துவிட்டான். ஊசியே வேண்டாமென்று இருந்துவிடவும் இல்ஹாமால் முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை கக்குவானில் இருமி இருமி, உதடு நீலம் பாரித்துச் செத்ததைப் பார்த்தவள் அவள்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் ரஜா மேஜையில் இருந்தபடியே, பெஞ்சு முழுக்கக் கேட்கச் சத்தமாக விசாரிப்பாள்.

"போன ஊசிக்கப்புறம் ஏதாச்சும் ஆச்சா?"

"ஒண்ணுமில்ல, அல்ஹம்துலில்லாஹ்!" என்பாள் ஒவ்வொரு தாயும்.

நீலப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் பக்கம் பக்கமாக 'இல்லை'தான். ஊரே காது கொடுத்திருக்கும்போது எந்தத் தாய் உண்மை சொல்வாள்? மேலதிகாரிகள் அந்தப் பக்கங்களைப் பார்த்து ஊசியால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று பெஞ்சில் இல்ஹாமுக்கும் வஹீபாவுக்கும் அடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தவள் வேறு யாருமல்ல, நஸ்ராவுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் தாய் உம்மு ஃபாரிஸ். மூத்த மருமகள் சாபிராவையும் பேரனையும் கூட்டி வந்திருந்தாள். வஹீபா அவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"விதாத் அம்மா! போன ஊசிக்கப்புறம்?"

"ஒண்ணுமில்லம்மா, நீங்க போடுங்க," என்று வஹீபா முந்திக்கொண்டாள்.

பேனா கட்டத்தில் இறங்கியது. ஊசி தட்டில் தயாராக இருந்தது. இல்ஹாமுக்கு நஸ்ராவின் முகம் ஞாபகம் வந்தது. பாவம் அந்தப் பெண்.

"வலிப்பு வந்துச்சுக்கா. அன்னிக்கே வந்துச்சு."

வஹீபா தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ரஜாவின் பேனா பாதியில் நின்றது. "ரொம்ப அபூர்வமா சில பிள்ளைங்களுக்கு அப்படி வரும். நீங்க சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்? இன்னிக்கு இந்த ஊசி வேணாம். டாக்டர் பார்க்கட்டும். நகரத்துல இதுக்கே வேற வகை ஊசி இருக்கு, காய்ச்சல் அவ்வளவா வராது." அந்தப் பதிவேட்டில் முதல்முறையாக 'இல்லை' அல்லாத ஒரு வரி ஏறியது.

உம்மு ஃபாரிஸ் முக்காட்டை உதறிக்கொண்டு எழுந்தாள். "வியாழக்கிழமைக்கு முன்னாடியே தெரிஞ்சுது, அல்லாஹ் காப்பாத்தினான். வலிப்பு ரத்தம் எங்க வீட்டுக்கு வேணாம், வஹீபா." பிறகு மருமகளை மேஜைப் பக்கம் தள்ளினாள். "நீ போ, சாபிரா."

"உங்க பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சா?"

"ஒண்ணுமில்ல!" என்றாள் உம்மு ஃபாரிஸ்.

ரஜா ஊசியை எடுத்தாள். சாபிராவின் உள்ளங்கை குழந்தையின் தொடையை இறுக மூடியிருந்தது.

"கைய எடும்மா."

சாபிரா மாமியாரைப் பார்க்கவில்லை. இல்ஹாமைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. கையை மட்டும் எடுக்கவில்லை.