அழைப்பு மணிக்கு ஆறு விளக்குகள்

கார் நான்கு மணிக்கு வரும். பதினொன்றரைக்கு நான் ஏணியில் நின்று இரண்டாவது பல்பைத் திருகிக்கொண்டிருந்தேன்.

கூரையில் பதித்த ஸ்பாட் லைட்டுகள் எங்கள் வீட்டில் ஆறு. ஹாலில் இரண்டு, நடையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, அக்காவின் அறையில் இரண்டு. பழையவற்றைக் கழற்றி ஸ்மார்ட் பல்புகள் போட வேண்டும். ஒவ்வொன்றையும் வைஃபையில் இணைக்க வேண்டும். வாசலில் புது அழைப்பு மணி மாட்டியாகிவிட்டது. அதை யாராவது அழுத்தினால் ஆறு விளக்குகளும் சிவப்பாகி மூன்று முறை சிமிட்ட வேண்டும்.

அக்காவுக்குக் காது கேட்காது. எட்டு வயதில் ஒரு காய்ச்சலோடு போய்விட்டது. பேசுவாள். நம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். முப்பத்தோரு வயது. வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறாள். அம்மாவுக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில் முழங்கால் ஆபரேஷன்; பத்து நாள் அப்பாவும் உடன் இருக்க வேண்டும். எனக்கு லீவு இன்றோடு முடிகிறது; நானும் அவர்களோடு அதே காரில் கிளம்ப வேண்டும். தனியாக இருந்துகொள்கிறேன் என்றாள் அக்கா. சித்தி வீட்டுக்குப் போகட்டும் என்றார் அப்பா.

"சித்தி வீட்டுல நான் குளிக்கப் போனாக்கூட வெளிய நின்னு காவல் காப்பாங்க. போன தடவை பாத்ரூம் தாழ்ப்பாளையே கழட்டிட்டாங்க," என்றாள்.

அதனால்தான் இந்த விளக்குகள். யோசனை என்னுடையது. நேற்றிரவு சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அப்பா வெகுநேரம் மென்றார். பிறகு நிபந்தனை போட்டார்.

"சொல்லாம கொள்ளாம வெளிய போய் மணி அடிப்பேன். ஒரு நிமிஷத்துல இவ கதவைத் திறந்தா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா பெட்டி கார்ல ஏறும்."

பல்பு மாட்டுவது சுலபம். பல்பின் இரண்டு ஊசிக்காலையும் துளையில் வைத்து அழுத்தித் திருகினால் போதும். இணைப்பதுதான் கஷ்டம். ஐந்து முறை அணைத்து அணைத்துப் போட்டால் பல்பு புதிதுபோலச் சிமிட்ட ஆரம்பிக்கும். அப்போது போனில் தேட வேண்டும். மூன்றாவது பல்பு அகப்படவே இல்லை. ஏணியிலிருந்து இறங்கினேன், ஏறினேன், மோடத்தை அணைத்துப் போட்டேன், மறுபடி ஏறினேன்.

"லைட்டுக்கு எதுக்குடி பாஸ்வேர்டு? யாரு திருடப் போறா வெளிச்சத்த?" என்றார் அப்பா, ஏணியைப் பிடித்தபடி.

"நீங்க வாயை மூடிட்டு ஏணியைப் பிடிங்க," என்றாள் சோபாவில் கால் நீட்டியிருந்த அம்மா. "அவ விழுந்து வெச்சா என் முழங்காலுக்கு ஜோடி சேர்ந்துடும்."

ஒரு மணிக்கு ஆறும் வேலை செய்தன. ஒன்றரைக்கு நடை விளக்கு மட்டும் தானாகச் சிமிட்டத் தொடங்கியது. போனில் அதன் பெயரே இல்லை.

காரணம் அப்பா. அவர் மின்வாரியத்தில் முப்பத்தாறு வருடம் லைன் இன்ஸ்பெக்டர். எந்த இடத்தைக் கடந்தாலும் சுவிட்சை அணைப்பார். நன்றாக அணைந்ததா என்று இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்ப்பார். நடை வழியாக இரண்டு தடவை போய் வந்திருக்கிறார்; ஐந்து தட்டு ஆகி, பல்பு மறுபடி புதிதாகிவிட்டது.

"சுவத்து சுவிட்ச் எப்பவும் ஆன்லயே இருக்கணும்ப்பா. கரன்ட் இல்லேன்னா பல்புக்கு மணி அடிச்சதே தெரியாது. அணைக்கறதெல்லாம் போன்லதான்."

"சரி சரி, சயின்டிஸ்ட்."

அவர் காதில் ஏறவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அப்பாவிடம் ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை சொல்ல எனக்கு வாய் வராது. நடை விளக்கை மறுபடி இணைத்தேன். பிறகு அறை அறையாகப் போய் ஒவ்வொரு சுவிட்சையும் பார்த்துவிட்டு வந்தேன். உட்கார முடியவில்லை. மறுபடி போனேன்.

இரண்டு ஐம்பதுக்கு அப்பா அக்காவின் அறைக்குள் போய் அவள் பெட்டியை எடுத்து வந்து ஹாலில் வைத்தார். அவள் அறைக் கதவைச் சாத்தினார். செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மணி அடித்தது. ஹால் சிவந்தது. நடை சிவந்தது. நான் சொல்லக்கூடாது, அசையக்கூடாது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அக்காவின் கதவைப் பார்த்தேன். அது திறக்கவில்லை. மறுபடி மணி. மறுபடி சிவப்பு.

மூன்று நிமிடம் கழித்து நானே வாசலைத் திறந்தேன். அப்பா முகத்தில் ஜெயித்த களை இல்லை. "பார்த்தியா?" என்று மட்டும் சொன்னார்.

அக்காவின் அறைக்குப் போனோம். மேஜை முன்னால், அறைக் கதவைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மேலே இரண்டு விளக்கும் செத்துக் கிடந்தன. சுவிட்ச் ஆஃபில் இருந்தது.

"அப்பா அணைச்சாரு. நான் பார்த்துட்டுதான் இருந்தேன்," என்றாள்.

"பார்த்தா எந்திரிச்சு போட வேண்டியதுதானே?" என்றேன்.

"போட்டா, யார் அணைச்சதுன்னு அவருக்குத் தெரியாமப் போயிடும்." அப்பாவிடம் திரும்பினாள். "எவ்வளவு நேரம் நின்னீங்க?"

"மூணு நிமிஷம் இருக்கும்."

"என்ன ஆச்சு?"

"என்ன ஆகும்? கால் வலிச்சுது."

"அவ்வளவுதான். வர்றவங்க நிப்பாங்க. முடியலேன்னா போயிட்டு மறுபடி வருவாங்க."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, "ஏதாவது தீப்பிடிச்சா என்ன பண்ணுவா இவ?" என்றார். அவளுக்குத் தெரியக்கூடாததை எல்லாம் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொல்வார்.

"இந்தப் பக்கம் பார்த்துக் கேளுங்கப்பா," என்றாள் அக்கா.

அவர் திரும்பினார். அவள் உதட்டைப் பார்க்க வசதியாக நின்று, மெதுவாகக் கேட்டார். "தீப்பிடிச்சா என்னம்மா பண்ணுவே?"

"புகை மூக்குலதான் ஏறும். மூக்கு நல்லாத்தான் இருக்கு."

ஹாலிலிருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்பா சிரிக்கவில்லை. சுவிட்சைப் போட்டார். தட்டிப் பார்க்கப் போன விரலை எடுத்துக்கொண்டார்.

நான்கு மணிக்குக் கார் வந்தது. அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றினோம். டிரைவர் ஹாலில் இருந்த பெட்டியையும் தூக்கி டிக்கியில் வைத்தார். அக்கா வெளியே வந்து அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா பார்த்தார். முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

மேம்பாலம் ஏறும்போது போனைத் திறந்தேன். ஹால், நடை, சமையலறை சரியாக இருந்தன. அக்கா அறையின் இரண்டு விளக்குகளும் ஆஃப்லைன்.

வைஃபை போயிருக்கலாம். போயிருந்தால் ஆறுமே போயிருக்கும். அவளே அணைத்திருக்க வேண்டும். கண் கூசியிருக்கும். அல்லது சும்மா, யாரும் தன்னைப் போனில் பார்க்காமல் இருக்கட்டும் என்று. செய்தி அனுப்பத் தொடங்கினேன், அழித்தேன், மறுபடி தொடங்கினேன்.

அப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கா? இல்லேன்னா இப்பவே வண்டியத் திருப்பச் சொல்றேன்."

"சரியா இருக்குப்பா," என்றேன்.

போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். அடுத்த சிக்னல் வருவதற்குள் மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன்.