தொண்ணூற்றொன்பது குண்டூசிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, மூலக்குளம் வீட்டில், பிரிஸ்கில்லா மூன்றாவது முறையாக எண்ணி முடித்தாள். டப்பாவில் இருந்த குண்டூசிகள் தொண்ணூற்றொன்பது. இருக்க வேண்டியவை நூறு.

தரையில் இல்லை, தையல் மெஷினுக்கு அடியில் இல்லை. அப்படியானால் நேற்று மாலை தங்கை வேளாங்கண்ணிக்குக் கொடுத்தனுப்பிய குயில்ட்டுக்குள்தான் இருக்க வேண்டும். அந்தக் குயில்ட்டில் சுற்றித்தான் தங்கையின் இரண்டு மாதக் குழந்தையைப் பத்தரை மணிக்கு ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப்போகிறார்கள். ஞானத்தாய், பிரிஸ்கில்லா.

துணித்துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துக் குயில்ட் தைக்க அவளுக்கு நன்றாகவே தெரியும். முடிக்கத்தான் தெரியாது. பீரோவில் பதினொன்று பாதியில் கிடந்தன. ஜனவரியில் டவுனில் ஒரு குயில்ட் வட்டத்தில் சேர்ந்தாள். வட்டத்தின் தலைவி சிவசங்கரி மேடம் ஐந்து ஆண்டுகளில் ஒரே ஒரு டீ டம்ளர் விரிப்பை முடித்தவர். மீதி நேரமெல்லாம் லட்சியத்தைப் பற்றிப் பேசவே சரியாகப் போய்விட்டது. இலக்கை எழுது, பழக்கத்தை எழுது, சுவரில் ஒட்டு என்பது அவர் கட்டளை.

பிரிஸ்கில்லா ஒட்டினாள். இலக்கு: இந்த ஆண்டு ஒன்றையாவது முடிப்பது. பழக்கம்: தினமும் முக்கால் மணி நேரம் தைப்பது, தைத்து எழுந்திருக்கும் முன் குண்டூசிகளை எண்ணுவது. அடுக்குகள் நகராமலிருக்கக் குத்தும் ஊசிகளில் ஒன்று பஞ்சுக்குள் புதைந்துவிட்டால் வெளியே தெரியாது. எண்ணினால், சுவர் அட்டவணையில் அன்றைய கட்டத்தில் ஒரு பச்சை டிக்.

போன செவ்வாயன்று அட்டவணையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார் மேடம். படத்தில் காலிக் கட்டங்கள் தெரிந்தால் அசிங்கமாக இருக்குமே என்று, மாதக் கடைசி வரைக்கும் ஒரே மூச்சில் டிக் போட்டுவிட்டாள். டிக் போட்டாயிற்று, அப்புறம் எதற்கு எண்ணுவது?

வேளாங்கண்ணி போனை எடுக்கவில்லை. கோயிலுக்குப் போனால் அணைத்துவிடுவாள். அட்டவணை எதுவும் இல்லாமலே வந்த பழக்கம்.

"என்னங்க, வண்டிய எடுங்க."

"சட்டை போட வேணாமா?" என்றான் ஜெஸ்டின்.

"போட்டுக்கினே வாங்க."

ஸ்கூட்டரில் ஏறியதும் விஷயத்தைச் சொன்னாள்.

"செவுத்துல டிக்கு இருந்துதே."

"அது முன்னாடியே போட்டது."

ரெட்டியார்பாளையம் சிக்னலில் நின்றபோதுதான் அவன் கேட்டான். "ஊசி எவ்ளோ நீளம்?"

"ஒன்றரை இஞ்ச்."

"கொழந்த முதுகே அவ்ளோதான இருக்கும்."

"பேசாம ஓட்டுங்க."

டவுனுக்குள் ஞாயிற்றுச் சந்தைக் கூட்டம். பனியன் குவியல்களைச் சுற்றி வண்டி ஊர்ந்தது. பிரிஸ்கில்லா பின்னாலிருந்து அவன் தோளை நகத்தால் அழுத்திக்கொண்டே வந்தாள். மணி பத்து இருபது.

கோயில் வாசல் பெஞ்சில் வேளாங்கண்ணி உட்கார்ந்திருந்தாள். மடியில், குயில்ட்டுக்குள், குழந்தை. எதிரே போனை உயர்த்திப் பிடித்தபடி சிவசங்கரி மேடம். பிரிஸ்கில்லாதான் அழைத்திருந்தாள், முதன்முதலாக முடித்த குயில்ட்டை நாலு பேர் பார்க்காவிட்டால் முடித்து என்ன பயன்?

"ஏன்க்கா இவ்ளோ நேரம்? ஃபாதர் ரெண்டு வாட்டி கேட்டுட்டாரு."

"பாப்பாவக் குடு. ஒரு நூலு தொங்குது, வெட்டிட்டுத் தரேன்."

"தொங்கட்டும். இப்பதான் கண்ண மூடுனா."

குழந்தை முகத்தைச் சுளித்தது. முனகியது.

"ஏன் சிணுங்குது?"

"பசி. உனக்கென்ன மூஞ்சி இப்படி வேர்க்குது?"

"அப்படியே நில்லுங்க," என்றார் மேடம். "இலக்கைத் தொட்ட கைகள்னு குரூப்புல போடப் போறேன். பிரிஸ்கில்லா, ரெண்டு வார்த்தை சொல்லுங்க. வீடியோ ஓடுது."

குழந்தை வீறிட்டது. பிரிஸ்கில்லா மூன்று வார்த்தை சொன்னாள்.

"உள்ள குண்டூசி இருக்கு."

வேளாங்கண்ணி குழந்தையை உருவி எடுத்தாள். குயில்ட் தரையில் விழுந்தது. சட்டையைக் கழற்றி, கழுத்திலிருந்து குதிகால் வரை விரலால் தடவினாள். முதுகில் ஒரு சிவப்புப் புள்ளி. அவள் விரல் அங்கேயே நின்றது. ஜெஸ்டின் குனிந்து பார்த்தான். பக்கத்தில் இன்னொரு புள்ளி, அதற்குக் கீழே இரண்டு.

"வேர்க்குரு," என்றாள் வேளாங்கண்ணி. குழந்தையைத் தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். அக்காவின் பக்கம் திரும்பவேயில்லை.

பிரிஸ்கில்லா குயில்ட்டைப் பெஞ்சில் விரித்து, கைப்பையிலிருந்து ஊசி பொறுக்கும் காந்தத்தை எடுத்து அதன் மேலே நகர்த்தினாள். மூன்றாவது வரிசையில் 'டக்' என்று ஒட்டியது. சின்னக் கத்தரியால் தையலை வெட்டிப் பஞ்சைக் கிள்ளினாள். ஊசி வந்தது.

"அப்பாடா," என்றார் மேடம். "தடைகளைத் தாண்டுறதும் ஒரு லட்சியப் பயணம்தான். அந்தத் தையல மறைச்சுப் பிடிங்க, மறுபடி எடுக்கலாம்."

பிரிஸ்கில்லா காந்தத்தை நிறுத்தவில்லை. அடுத்த மூலையில் இன்னொரு 'டக்'.

ஒரு ஊசிதான் காணாமல் போயிருந்தது. கிடைத்தவை இரண்டு.

"டப்பாவுல மொத்தம் எத்தன?" என்றாள் வேளாங்கண்ணி.

"நூறு."

"யாரு எண்ணுனது?"

"டப்பா மேல போட்டிருந்துது."

மேடம் போனைப் பைக்குள் வைத்தார்.

உள்ளே மணி அடித்தது. உபதேசியார் எட்டிப் பார்த்து, "ஞானத்தாய் பிள்ளைய எடுத்துக்கிட்டு வாங்க," என்றார். பிரிஸ்கில்லா கைகளை நீட்டினாள். வேளாங்கண்ணி குழந்தையை ஜெஸ்டினிடம் கொடுத்தாள்.

"மாமா, கொஞ்சம் புடிங்க." அக்காவின் கையிலிருந்த காந்தத்தைப் பிடுங்கினாள். "கையத் தூக்கு. தைக்கும்போது மாராப்புல ஊசிய குத்திக்குவ, எனக்குத் தெரியும்."

"இது பட்டுப் புடவைடி. இதக் கட்டிக்கினா தெச்சேன்?"

"தூக்குக்கா."

கோயில் வாசலில், உபதேசியார் பார்த்துக்கொண்டிருக்க, தூக்கினாள். காந்தம் இடுப்பு, மார்பு என்று மெதுவாக ஏறியது. தோளில் 'டக்'.

"அது ஊக்கு. மடிப்புக்குக் குத்துனது."

"கழட்டு."

"முந்தான நிக்காது."

"கழட்டு."

கழற்றினாள். பட்டு வழுக்கிச் சரிந்தது. பிரிஸ்கில்லா அதன் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுபடியும் இரண்டு கைகளையும் நீட்டினாள். வேளாங்கண்ணி அந்தக் கைகளைத் திருப்பி, உள்ளங்கை, மணிக்கட்டு, ஜாக்கெட் விளிம்பு எல்லாம் பார்த்தாள்.

பிறகு, குழந்தையோடு காத்து நின்ற ஜெஸ்டினிடம் தலையசைத்தாள்.