ஆர்லீன் எழுதிக்கொடுத்த கேள்வி

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பைபிள் மீது கை வைக்கச் சொன்னால் இரண்டு கையையும் வைக்கத் தயார்.

இல்லினாய்ஸில் பியோரியாவுக்குத் தெற்கே குடியிருந்த வெண்டெல் ஸ்ட்ரௌடுக்குப் பிறர் குரலில் பேசுவதே பிழைப்பு. யார் யாருக்குப் போன் செய்தார்கள் என்று தெரிய வேண்டுமா? அந்த ஆளாகவே தொலைபேசிக் கம்பெனிக்குப் பேசி விவரத்தை வாங்கி விற்றுவிடுவார். ஒருமுறை விதவையாக அழுததில் கம்பெனி மலர்வளையமே அனுப்பிவைத்தது. பாதிரியாராகப் பேசியபோது, எதிர்முனைப் பெண் தன் பாவங்களைச் சொல்லி அழுதுவிட்டுத்தான் விவரத்தைத் தந்தாள்.

ஒரு குளிர்காலம் முழுக்க அவர் மனைவி ஆர்லீன் போனை எடுத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போய்க் கிசுகிசுத்தாள். எவனோ ஒருவன் அவளைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறான் என்றே வெண்டெல் முடிவுகட்டினார். அவளையே கேட்டிருக்கலாம்; தொழிலில் அப்படிப் பழக்கமில்லை. கோடையில், போன் விவரங்களைக் காக்க மாநிலச் சட்டம் வேறு வந்துவிட்டது. ஆனாலும் ஒரு மதியம் ஆர்லீன் கடைக்குப் போனதும், அவள் குரலிலேயே கம்பெனியை அழைத்தார்.

“புதுச் சட்டம் மேடம். நீங்க எழுதிக்குடுத்த ரகசியக் கேள்விக்குப் பதில் சொன்னாத்தான் விவரம்,” என்றாள் கெய்லா என்ற ஊழியர்.

“கேளும்மா, தங்கம்.”

“உங்க வீட்டுக்காரர் கடைசியா உங்ககிட்ட நேருக்கு நேர் கேட்ட கேள்வி என்ன?”

மாநிலத்தில் பாதிப் பேருடைய பிறந்த தேதி வெண்டெலுக்கு மனப்பாடம். இது மட்டும் அவர் குறிப்பேடு எதிலும் இல்லை.

“உப்பு எங்கேன்னு...”

“இல்ல மேடம்.”

“உடம்பு எப்படி இருக்குன்னு?”

“அதெல்லாம் கேப்பாரா அவரு? இல்ல மேடம். இன்னும் ஒரே ஒரு தடவைதான்.”

“என்னைக் கட்டிக்கிறியான்னு.”

கெய்லா மூக்கை உறிஞ்சினாள். “சரிதான்... அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கலையா மனுஷன்? பாவம் மேடம் நீங்க.”

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினார். மளிகைப் பையோடு ஆர்லீன் நின்றிருந்தாள்.

“நான் என்ன இப்படியா மூக்கால பேசறேன்?”

அவருக்குக் காது மடல்வரை சிவந்தது. சொந்தக் குரல் எழும்பவில்லை, அவள் குரலிலேயே கேட்டார்: “யாருக்குத்தான் போன் பண்றே?”

“சட்டமன்ற உறுப்பினருக்கு. தினம் பிடுங்கியெடுத்து இந்தச் சட்டத்தைப் போட வெச்சேன். நீ எத்தனை குடும்பத்தை வித்திருக்கே! சர்ச்சுல ஒருத்தி முகத்துலயும் என்னால முழிக்க முடியல வெண்டெல்.”

ஆர்லீன் முகத்தில் முழிக்க அவராலும் முடியவில்லை. பையை வாங்கி, பாலைக் குளிர்பெட்டியில் வைத்தவர், தலையையும் உள்ளேயே வைத்துக்கொண்டார். ஐஸ் முழுக்க உருகும்வரை வெளியே எடுக்கவில்லை.

இத்தனைக்கும் வெண்டெல் ஸ்ட்ரௌட் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர்; எங்கே அந்த பைபிள், இரண்டு கையும் தயார்.