சும்மா இருந்தவரின் இடது காது

கணக்கையெல்லாம் இணையத்தில் சேமித்துவைக்கும் மேகச் சேவையின் புதிய பதிப்பு வந்த செவ்வாய்க்கிழமை காலையில், டைல்ஸ் கிடங்கில் கணக்கு பார்ப்பவளின் அண்ணனுக்கு இடது காது காணாமல் போயிருந்தது. ரத்தம் இல்லை, வலி இல்லை. காது இருந்த இடம் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. மூக்குக்கண்ணாடி போடுகிறவராக இருந்தால் திண்டாடியிருப்பார். நல்லவேளை, அவருக்குப் பார்வையில் குறையில்லை.

ஊரில் யாரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. கிடங்கின் சரக்கு விவரமெல்லாம் அந்தச் சேவையில் ஏறிய நாளிலிருந்தே, ஒவ்வொரு புது வசதியும் கணினிக்கு வெளியேயும் கொஞ்சம் சிந்தத்தான் செய்தது. தானாக நகல் எடுக்கும் வசதி வந்தபோது கிடங்கில் எல்லோருக்கும் இரண்டு நிழல் விழுந்தது. இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கும் வசதி வந்தபோது பேக்கிங் பிரிவின் இரட்டைச் சகோதரிகள் ஒரே ஆளாகிப்போனார்கள். அந்த ஒருத்தி இன்றுவரை தன்னோடு தானே சண்டை போட்டுக்கொண்டு ஒற்றைச் சம்பளம்தான் வாங்குகிறாள். இந்த முறை வந்தது, பயன்படாதவற்றைத் தானாக நீக்கும் வசதி. ஊழியர்களின் குடும்பத்துக்கும் அதே கணக்கில் இலவச இடம் உண்டு என்று முதலாளி பெருமையாகச் சொன்னதை நம்பி, கணக்கு பார்ப்பவளின் கணவரான லிப்ட் மெக்கானிக், மிக்ஸி முதல் மச்சான் வரை வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அதில் ஏற்றிவைத்திருந்தார். மச்சானுக்கு நேரே 'பயன்' என்ற கட்டத்தில் என்ன போடுவதென்று தெரியாமல் காலியாக விட்டிருந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

உண்மையில் அண்ணன் ஒன்றும் செய்வதில்லை. சோம்பேறி என்றும் சொல்லிவிட முடியாது; சோம்பேறிக்குச் செய்யாமல் விட்ட வேலை என்று ஒன்றாவது இருக்கும். இவர் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். வேலைக்குப் போ என்று யார் சொல்லியும் கேட்காத ஆளுக்கு முதலில் காது போனது நியாயம்தானே என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அடுத்து, எங்கும் போகாத பாதங்கள் இரண்டும் போயின. சேவையின் உதவி எண்ணில் பேசிய பெண் தேன் ஒழுகப் பேசினாள்: "மேடம், யூஸ் ஆகாததை மட்டும்தான் அது எடுக்கும். அவருக்கு ஏதாவது ஒரு வேலை குடுங்க, எல்லாம் தானா திரும்பி வந்துடும்."

கணவர் அதையும் செய்துபார்த்தார். மச்சான் கையில் போனைக் கொடுத்து, மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று மணிக்கொரு தரம் பதியச் சொன்னார். சாயங்காலத்துக்குள் காது முளைத்துவிட்டது. ஆனால் அண்ணன் முகம் செத்துப்போனது. மறுநாள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "வேணாம் மாப்ளே. இதுக்கு நான் இல்லாமலே போயிடறேன்." காது மறுபடி போய்விட்டது, கூடவே முழங்கால்களும்.

தங்கையால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. முதல் குழந்தை தங்காமல் போன சமயத்தில் கணவர் மருந்துக்கு ஓடினார், மாமியார் சமைத்துப் போட்டார், தெரிந்தவர்கள் வந்து ஆறுதல் சொன்னார்கள். அண்ணன் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் அவள் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்து நடமாடியது அந்த மனுஷன் அப்படி உட்கார்ந்திருந்ததால்தான். அதை எந்தக் கட்டத்தில் போடுவது?

கிடங்குக் கணினியில் அண்ணனின் பதிவைத் திறந்தாள். வைத்திருக்கக் காரணம் என்ன என்று சேவை கேட்டு, வருமானம், பாதுகாப்பு, உதவி என்று தானே எடுத்தும் கொடுத்தது. உதவி என்று போட்டுத் தொலையேன் என்றார் கணவர் போனில். "என் அண்ணன் இருக்கறதுக்கு நான் எதுக்குங்க பொய் சொல்லணும்?" என்றவள், 'சும்மா' என்று தட்டினாள். செல்லாது என்றது. மறுபடியும் அதையே தட்டினாள். அந்தச் சொல்லை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சேவை சுற்றிக்கொண்டே நின்றது. வாசலில் லாரிகளும் நின்றன. முதலாளி ஓடி வந்தார்.

"அந்த வார்த்தைய அழிம்மா. இல்லன்னா வேலைய விட்டுடு."

"அழிக்க மாட்டேன் சார். வேலையையும் விட மாட்டேன். வீட்டுல போய் சும்மா உக்காரப் போறேன்."

சொன்னபடியே இன்னொரு நாற்காலியை இழுத்து அண்ணன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவர் அப்போது இடுப்புக்கு மேல்தான் இருந்தார். இரண்டாம் நாள் அவள் விரல்கள் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. கணவர் கத்தினார், அழுதார், கடைசியில் கருவிப் பையை மூலையில் எறிந்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார். சரக்கு கிடைக்காமல் நின்ற லாரிகளின் டிரைவர்கள் வந்தார்கள். பேக்கிங் பிரிவின் ஒருத்தி, இரண்டு பேருடைய பிடிவாதத்தோடு வந்தாள். நாற்காலி போதாமல் வாசற்படியிலும் தெருவிலும் உட்கார்ந்தார்கள். மூக்கில்லாமல், தோளில்லாமல், ஆனால் ஒருவரும் எழுந்திருக்காமல்.

கிடங்கில் சேவையைத் தொட ஆளில்லை. தொடாதது பயன்படாதது என்பது அதனுடைய சட்டம். அந்தச் சட்டத்துக்குத் தன் வீடு பிறர் வீடு என்ற பேதம் கிடையாது. முதலில் அச்சிடும் பொத்தான் போனது, பிறகு தேடும் கட்டம், பிறகு திரையின் நிறங்கள். மிஞ்சியது நீக்கும் வசதி ஒன்றுதான். அதையும் யாரும் பயன்படுத்தவில்லை என்பதால் அது தன்னையே நீக்கிக்கொண்டது. அன்று மத்தியானம் அண்ணனுக்குத் தொடையும் முழங்காலும் பாதமும் காதும் வந்தன. அவர் எல்லோரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "வெயில் உள்ள வருது, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார். அவள் வாய்விட்டு அழுதாள்.

முதலாளி ஆளனுப்பி அவளை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அடுத்த பதிப்பில் காரணங்களின் வரிசையில் 'சும்மா' சேர்ந்திருந்தது. வாடிக்கையாளர்களுக்காகத் தாங்களே யோசித்துச் செய்தது என்று சேவையை நடத்தும் நிறுவனம் மார்தட்டிக்கொண்டது. அவளுக்கு எல்லா விரல்களும் திரும்பியிருந்தன, இடது சுண்டுவிரல் தவிர. உதவி எண்ணில் அதே பெண், அந்த விரலால் என்ன வேலை செய்துவந்தீர்கள் என்று கேட்டாள். "ஒரு வேலையும் இல்ல. சும்மாதான் வெச்சிருந்தேன். குடுங்க" என்றாள் இவள். மறுநாள் காலையில் விரல் இருந்தது. நகம் கொஞ்சம் வளர்ந்திருந்ததால் வெட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.